தாத்தா கத்தியின் சத்தம்

தம்பிக்கு,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தை மேலே படி.

அப்பா நேற்றிலிருந்து தாத்தாவின் பேனாக்கத்தியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதே மாதிரி இன்னும் மூன்றைக் கண்ட கடையிலும் வாங்கிச் சேர்த்தவர் அவர்தான். இதில் எது தாத்தாவுடையது என்று எனக்கென்ன தெரியும்? இரண்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன். கண்ணைத் திறக்காமலே, காதுகிட்ட வைத்து மடக்கச் சொன்னார். "இந்தச் சத்தம் இல்லம்மா. அவனுக்குத் தெரியும், அவனக் கேளு" என்றார். மாதக்கணக்காக உன் பேச்சையே எடுக்காத மனுஷன்!

மீதி இரண்டும் மேஜையில் இருக்கின்றன. மடக்கிக் கேட்டுப் பார். தாத்தா மடியில் உட்கார்ந்து நாளெல்லாம் அதை டக்கு டக்கென்று மடக்கி அடி வாங்கியவன் நீதானே.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்டா, கெஞ்சிக் கேட்கிறேன்.

பூட்டிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கொடு.

அக்கா

சந்தேகமாக இருந்தால் இரண்டையும் எடுத்து வா.

இரண்டுமே இல்லையென்றால் வெறுங்கையோடாவது வா.