ரொட்டி மெஷின் வாங்கலாமா, மாமா?

மாமா,

வீடெல்லாம் ரொட்டி வாசம். சமையல் மேடையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா உட்கார்ந்திருக்கிறது. மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் உள்ளே கொட்டிப் பொத்தானை அமுக்கிவிட்டால் அதுவே பிசைந்து, அதுவே பொங்கவைத்து, அதுவே சுட்டும் கொடுத்துவிடுகிற மெஷின். இரவல் வாங்கியது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரவல் சாமானை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. கடைசியாக ஒரு ரொட்டி சுட்டு அதோடு வைத்துக் கொடுக்கலாமென்று போட்டிருக்கிறேன்.

மத்தியானம் காந்திபுரத்துக் கடைக்காரர் போன் செய்தார். "ஏனுங்க்கா, அந்த ரொட்டி மெஷின் விசயமா உங்க மாமனார்கிட்ட கேட்டுப்போட்டுச் சொல்றேன்னீங்களே, என்ன சொன்னாருங்க?"

என்னத்தைச் சொல்ல? "இன்னும் கேக்கலீங்க. கேட்டுப்போட்டுக் கூப்படறேனுங்க" என்று வைத்துவிட்டேன். அதனால்தான் இப்போது கேட்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். பாதிப் பேச்சில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற வேலையெல்லாம் வேண்டாம்.

இந்த வாசம் உங்கள் சட்டை வாசம். மழை பெய்தால் ரொட்டி நனைந்துவிடுமென்று பாக்கெட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மொபெட்டில் வருவீர்கள். நீங்கள் தொப்பலாக நனைந்திருப்பீர்கள், ரொட்டி சூடாக இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டதும் நான் அடுப்படியிலிருந்து "மாமா வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பேன். உங்கள் பேத்தி தாரணி எங்கே இருந்தாலும் வாசல் கேட்டுக்கு ஓடுவாள். பேச்சு வராத பிள்ளைக்கு அந்தக் குரல்தான் சாப்பாட்டு மணி.

அவள் ரொட்டிக்கு வந்த கதையை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்! உங்களுக்குக் குடலிறக்க ஆப்பரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். நம் ஜனங்களுக்கு நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் நாலு ஆப்பிளும் இல்லாமல் கை வராதே. உங்கள் கட்டிலுக்குக் கீழே ஒரு பேக்கரியே சேர்ந்துவிட்டது. அப்போது தாரணிக்கு மூன்று வயது. பால் தவிர எதுவும் இறங்காது. சோற்றைக் கண்டால் அலறுவாள், இட்லியை மோந்து பார்த்தே வாந்தி எடுப்பாள். அவளைத் தூக்கிக்கொண்டு போகாத டாக்டர் இல்லை. அன்றைக்கு உங்கள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தவள், உங்கள் கையிலிருந்த ரொட்டித் துண்டின் நடுப்பகுதியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டாள். நாங்கள் மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றோம். தையல் பிரியப் பிரியச் சிரித்தீர்கள். "எனக்குக் கத்தி வெச்சதுக்கு இது போதுஞ் சாமி" என்றீர்கள்.

அன்றிலிருந்து ஆறு வருஷம். பெரியநாயக்கன்பாளையம் மெயின் ரோட்டில் ஒரே பேக்கரி, ஒரே ரொட்டி. நீங்கள் ஓரத்தைக் கிள்ளித் தின்பீர்கள், நடுவை அவள் தின்பாள். சொந்தக்காரர்கள் யாராவது "என்னங்க மாமா, பிள்ளைக்குத் தினமும் காய்ச்சக்காரங்க தீனியவே குடுக்கறீங்க" என்று கேட்டுவிட்டால் போதும். "எம்பேத்தி இங்கிலீசுக்காரிங்க. சோறெல்லாம் உங்களயும் என்னையுமாட்ட பட்டிக்காட்டானுக்குத்தான்" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். நான் உள்ளே நின்று சிரிப்பேன். எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளையின் அம்மாவைத்தான் எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். உங்கள் உயிர் இருந்த வரைக்கும் என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த உயிர் ஒரு காலை நேரத்தில், பல்துலக்கிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. நெஞ்சைப் பிடித்தீர்கள், உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். தாரணி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். இழவு வீட்டில் அழுகையும் கூட்டமும் பறையும் அவளுக்கு ஆகாது, கையைக் கடித்துக்கொள்வாள் என்று எல்லோருமாகச் சொன்னார்கள். போர்வையோடு தூக்கிக் கணபதியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்பினோம். கருமாதி முடிந்துதான் திரும்பக் கூட்டி வந்தோம். வந்தவள் ரொட்டியைத் தொடவில்லை.

முதல் நாள், இடம் மாறிப்போனதால் என்றோம். பிறகு காய்ச்சல் என்றோம். பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. பேக்கரிக்கே போய்ச் சண்டை போட்டேன். "ஏனுங்க, மாவ மாத்திப்போட்டீங்களா? மாஸ்டர் புதுசா?"

அந்த மனுஷர் பயந்தே போனார். "அதே மாவு, அதே மாஸ்டருங்க அம்மணி. பெரியவரு வாங்குன அதே பிரெட்டுங்க. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

வேறு பேக்கரிகளில் வாங்கினேன். இங்கிருந்து கணபதி வரைக்கும் ரோட்டோரத்தில் இருக்கிற அத்தனை பேக்கரி ரொட்டியும் நம் வீட்டு மேஜைக்கு வந்து காய்ந்து போனது. பால் மட்டும் குடித்தாள். அதுவும் பாதி டம்ளர். குளிப்பாட்டும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது. சோப்புப் போடவே பயமாக இருந்தது, மாமா. டாக்டர் எடை பார்க்கிற மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா அட்மிட் பண்ணி மூக்கு வழியா டியூப் போடோணும்ங்க" என்றார். சீப்பு தலையில் பட்டாலே துடிக்கிற பிள்ளை. அவள் மூக்கில் குழாய். இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதில் ஒருத்தி நானாக இருக்க வேண்டும். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது வாய்விட்டே அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

உங்கள் மகள் வந்தார். "பசி வந்தா தானா திம்பா. எல்லாருஞ் சேந்து செல்லங் குடுத்துக் கெடுத்துப்போட்டீங்க" என்றார். பதிலுக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. இன்னும் அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது.

தாரணியைக் கூட்டிப் போகிற தெரபி சென்டரில் ஒரு அம்மா, அவருக்கும் இப்படியொரு மகன். அவர்தான் இந்த மெஷினைப் பற்றிச் சொன்னார். வீட்டிலேயே சுட்டால் கடை ரொட்டியில் வருகிற மருந்து வாசம் இருக்காது. பிள்ளைக்குத் தெரியாமல் கேழ்வரகு மாவும் முட்டையும் கலந்துவிடலாம். சுடச்சுட இருக்கும். நீரில் மூழ்குகிறவளுக்கு எது கையில் கிடைத்தாலும் கட்டைதானே. இதுதான், இது ஒன்றுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன்.

உங்கள் மகன் ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கென்ன பைத்தியமா? கோயமுத்தூர்ல தடுக்கி உழுந்தா பேக்கரி. ஊட்டுக்குள்ள ஒண்ணு எதுக்கு? அத்தன ரொட்டியத் திங்காதவ இதத் திம்பாளா?" என்று கத்தினார். கத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கோபம் என்மேல் இல்லையென்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானும் கத்தினேன்.

மறுநாள் தனியாகவே காந்திபுரம் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். "பொருளப் போட்டு பட்டன அமுத்திப்போட்டு நீங்க தூங்கப் போயர்லாமுங்க்கா. காலைல ரொட்டி ரெடிங்க. ரெண்டு வருசம் கேரண்டிங்க."

"எம்புள்ள திம்பாளுங்களா?" என்று கேட்டேன்.

சிரிக்க வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அதுக்கு நான் எப்படீங்க்கா கேரண்டி தர்றது?" என்றார்.

உங்கள் நினைப்பு வந்தது. நாம் கிரைண்டர் வாங்கப் போனபோது கடையில் இருந்த அத்தனை கிரைண்டரையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இதுக்குக் காய்ச்ச அடிக்குதுங்களே" என்று கடைக்காரரை அழவைத்தீர்கள். எல்லாம் முடிந்து பில் போடப் போகும்போது, "ஊட்டுல ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்று நழுவினீர்கள். வெளியே வந்து, "யாரை மாமா கேக்கப் போறீங்க?" என்றேன். நான் கண்ணால்கூடப் பார்க்காத என் மாமியார் போய் அப்போதே இருபது வருஷம் இருக்கும். "அவளத்தான் அம்மணி. இன்னி வரைக்கும் வேண்டாம்னு சொன்னதே இல்ல. சித்த யோசிக்க நேரங் குடுப்பா, அவ்வளவுதான்" என்றீர்கள்.

அந்தக் கடையில் நின்றபோது என் வாயிலும் அதே வந்தது. "மாமனார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேனுங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோமென்று உறைத்தது. படியிறங்கி டவுன் பஸ் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, எந்த பஸ்ஸில் ஏற வேண்டுமென்று தெரியாமல் விழித்தேன்.

விஷயத்தைக் கேட்டுத் தெரபி சென்டர் அம்மா தன் மெஷினையே கொண்டு வந்து கொடுத்தார். "பரண்மேல சும்மாதானுங்க கெடக்குது. எம்பையன் நாலு நாள் தின்னான், அப்புறம் தொடல. நீங்க செஞ்சு பாருங்க, பாப்பா தின்னா அப்புறம் புதுசு வாங்கிக்குங்க" என்றார். நியாயமான பேச்சு. தாரணி தின்றால் வாங்குவது, தின்னாவிட்டால் டியூப். அப்படித்தான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

முதல் ரொட்டி செங்கல். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டேன். இரண்டாவது நன்றாகப் பொங்கி வந்தது. பிசைகிற தகடு மாட்டியிருந்த இடத்தில் அடியில் ஒரு ஓட்டை, மற்றபடி குறையே சொல்ல முடியாது. வீடே மணத்தது. தாரணி அடுப்படிக்கு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றாள். ஓட்டை இல்லாத பக்கமாகப் பார்த்து வெட்டி, ஓரத்தை நீக்கி, அவள் தட்டில் வைத்தேன். பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

காத்திருந்தேன். கெஞ்சினேன். அவள் வாயருகே கொண்டு போனேன், தட்டிவிட்டாள். "விடு, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயர்லாம்" என்றார் உங்கள் மகன். அவர் குரல் செத்துப்போயிருந்தது. உங்கள் காலிக் கட்டிலைப் பார்த்து, பேய் பிடித்தவள் மாதிரிக் கத்தினேன். "மாமா! நீங்களே வந்து ஊட்டித் தொலைங்க! என்னால முடியாது மாமா!"

தாரணி எழுந்து கேட்டுக்கு ஓடினாள்.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். யாரோ ஒருவரின் மொபெட் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. மொபெட் நிற்காமல் போனது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாவு, மாஸ்டர், மருந்து வாசம், கேழ்வரகு. நாங்கள் பேசாத பேச்சா? அந்தப் பிள்ளையிடம் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஒருத்தர் சொல்லவில்லை, மாமா. அவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். தூங்கும்போது இருந்த தாத்தா, அவளுடைய அப்பாரு, திரும்பி வந்தால் இல்லை. ரொட்டியை வெறுத்து அவள் பட்டினி கிடக்கவில்லை. நீங்கள் வந்து கூட உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று இருந்திருக்கிறாள்.

மண்டி போட்டு அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். "அப்பாரு வரமாட்டாங்க கண்ணு. செத்துப்போயிட்டாங்க. இனிமே வரவே மாட்டாங்க" என்றேன். அதுவரை அந்த வார்த்தையை நானும் சொன்னதில்லை. கேட்கிற எல்லோரிடமும் "தவறிட்டாங்க", "சாமிகிட்டப் போயிட்டாங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தாரணி அழவில்லை. என் தாடையை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினாள். மறுபடியும் சொல் என்கிறாள் என்று புரிந்தது. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொன்ன பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

மெஷின் ரொட்டியை மோந்து பார்த்துத் தள்ளி வைத்தாள். பழக்கதோஷத்தில் காலையில் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் போட்டிருந்த பேக்கரிப் பாக்கெட்டைக் கை காட்டினாள். ஒன்றரைத் துண்டு தின்றாள். நான் மூன்று மணி நேரம் காவல் காத்துச் சுட்டதை உங்கள் மகன் புளிக்குழம்பில் தொட்டுத் தின்றார். தின்றுகொண்டே அழுதார்.

ஆகவே மெஷின் வேண்டாம், மாமா. கடைக்காரரிடம், மாமனார் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். நல்ல சாமான்தான், அதன்மேல் ஒரு குறையும் இல்லை. எடை இன்னும் ஏறவில்லை. டாக்டர் டியூபைத் தள்ளி வைத்திருக்கிறார், விட்டுவிடவில்லை. சில நாள் ஒரு துண்டு, சில நாள் ரெண்டு. ராத்திரி அவள் தூங்கின பிறகு மூச்சு வருகிறதா என்று இன்னமும் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நானே போய் ரொட்டி வாங்கி வருகிறேன். தட்டை வைத்ததும் அவள் தின்பதில்லை. என் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். முந்தின நாள் சொன்னது செல்லாது. ஜாடை செய்தால் விடமாட்டாள், முழுதாகச் சொல்ல வேண்டும். அப்பாரு செத்துப்போயிட்டாங்க கண்ணு, இனிமே வரமாட்டாங்க. அதன் பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.

உங்கள் பேத்தியை உயிரோடு வைத்திருக்க, தினமும் என் வாயால் உங்களை ஒருமுறை சாகடிக்கிறேன், மாமா.