பெட் பதிவுப் பக்கத்தை நான் ஏற்றிய வாரம்

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று விட்டுப்போனது. கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆபீஸ் மாடிப்படி முழுக்க ஈரம். கீழே பாத்திரக்கடைக்காரர் சாக்கு விரித்திருந்தார். நல்ல மனுஷர்.

பிரவீன் மேசை காலி. வெள்ளிக்கிழமையோடு போய்விட்டான், பெங்களூரில் வேலை. டயாலிசிஸ் சென்டருக்கு நாங்கள் செய்யும் பெட் பதிவு இணையப் பக்கம் அப்படியே நிற்கிறது. தகவல் சேமிக்கிற பகுதியை அவன் போவதற்கு முன்பே சர்வரில் ஏற்றிவிட்டான். நோயாளிகள் போனில் பார்க்கப்போகிற திரைகள் அத்தனையும் என் வேலை. அவை முடிந்து என் லேப்டாப்பில் ஓடுகின்றன. சர்வரில் ஏற்றி ஊருக்குத் திறந்துவிடுவதுதான் பாக்கி. அதை எப்போதும் பிரவீன்தான் செய்வான். நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

வியாழன் அன்று சென்டரில் திறக்க வேண்டும். முதலாளி கார்த்தி (என்னைவிட ஒன்பது வயது சின்னப் பையன்) தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மதுரையில ஒருத்தரக் கேட்டிருக்கேங்க்கா. ஏத்துற வேலைய அவரு பாத்துக்கிருவாரு."

"வேணாம் தம்பி. நானே ஏத்துறேன்."

"ஏத்திருவீகளா?"

"ஏத்திருவேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. மத்தியானமே அதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, மகள் நஸ்ரினுக்கு ரெக்கார்டு நோட்டு, குடை ரிப்பேர்.

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம்.

படித்துப் படித்துச் செய்தேன். எழுதிய திரைகளை அப்படியே சர்வரில் போட முடியாது. எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டி ஒரே ஃபோல்டராக்க வேண்டும். அதுதான் பில்ட். சர்வரிலேயே பில்ட் போட்டேன். முதல் தடவை தவறு என்று சிவப்பாக வந்து நின்றது. ஒரு படத்தின் பெயர் காரணம். ஃபைலில் ஆங்கிலப் பெரிய எழுத்து, நான் கூப்பிட்டது சின்ன எழுத்து. என் லேப்டாப் கண்டுகொள்ளாது, சர்வர் விடாது. பெயரை மாற்றினேன். இரண்டாம் தடவை பச்சை.

அப்புறம் இணைய முகவரியைச் சர்வரோடு இணைத்தேன். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் வருவதற்கான சான்றிதழ் போட்டேன். பிரவுசரில் தட்டினேன். வந்தது. பூட்டோடு வந்தது. எங்கள் இளம்பச்சைப் பக்கம், மேலே "பெட் பதிவு", கீழே வரிசையாகப் பெட்கள்.

கார்த்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தான். கீழே போனவன் வெள்ளைப் பணியாரம் வாங்கி வந்தான். காரச் சட்னி தனியாக.

வீட்டுக்கு வந்து நஸ்ரினிடம் சொன்னேன். "சரிம்மா, ரெக்கார்டு நோட்டு எங்க?" என்றாள். மறந்தே போனேன்.

நவ. 5, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் நானும் கார்த்தியும் சென்டருக்குப் போனோம். நல்ல மழை. நடைபாதை பெஞ்சு நிறையக் கூட்டம். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள். முந்தி வந்தவருக்குத்தான் பெட். பிந்தினால் அடுத்த ஷிப்ட் வரை பெஞ்சுதான். கால் வீங்கிப்போய் ஒரு பெரியவர் சுவரில் சாய்ந்திருந்தார். இதற்காகத்தானே இந்தப் பக்கம்.

என் லேப்டாப்பில் திறந்து காட்டினேன். டாக்டர் தலையாட்டினார். ஹெட் நர்ஸ் செல்வி சிஸ்டர் தன் போனை எடுத்தார். எங்கள் பக்கத்தை இனிமேல் தினமும் நடத்தப்போகிறவர் அவர்தான்.

தலைப்பு வந்தது. பெட்கள் வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டாக்டர் போனிலும் வட்டம். கார்த்தி போனிலும் வட்டம்.

"என்னங்க இது, ஒங்க லேப்டாப்புல மட்டுந்தேன் வருமா?" என்றார் செல்வி சிஸ்டர். கோபமில்லை, நிஜமாகவே கேட்டார். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கார்த்தி என்னைத் தனியே அழைத்தான். "மதுரைக்காரருக்கு ஒரு போன் போட்டுருவமாக்கா?"

"மத்தியானம் வரைக்கும் விடுங்க தம்பி."

அந்தப் பெஞ்சிலேயே இடம் கேட்டு உட்கார்ந்தேன். லேப்டாப்பை மடியில் வைத்தேன். சிஸ்டர் கேட்ட கேள்வியிலேயே விஷயம் இருந்தது. என் லேப்டாப்பில் மட்டும் ஏன் வருகிறது?

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்தேன். பெட் விவரத்தை எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று திரைக்குச் சொல்லும் வரி. அதில் சர்வர் முகவரி இருக்க வேண்டும். நான் சோதனைக்குப் போட்டிருந்த "இதே கணினி" என்பதே இருந்தது. என் லேப்டாப்பில் சோதனைத் தகவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அது பதில் சொல்லிவிட்டது. நேற்றுக் கார்த்தி பார்த்ததும் அதைத்தான். சிஸ்டர் போனோ தன்னைத்தானே கேட்டுவிட்டுப் பதிலில்லாமல் சுற்றுகிறது.

வரியை மாற்றினால் மட்டும் போதாது. பில்ட் போடும்போதே அந்த முகவரி உள்ளே பதிந்துவிடும். மறுபடி பில்ட். போனிலிருந்துதான் நெட், மழைக்கு அது வந்து வந்து போனது. பக்கத்தில் இருந்த பெரியவர், "என்னம்மா, ஒங்களுக்கும் வெயிட்டிங்கா?" என்றார். ஆமாம் அத்தா என்றேன்.

பச்சை. என் லேப்டாப்பில் ஓடிய சோதனைத் தகவலை முழுசாக நிறுத்தினேன். இனிமேல் நானும் மற்றவர்களைப் போலத்தான் பார்க்க வேண்டும்.

"சிஸ்டர், இப்பத் தொறங்க."

"சுத்துது... இன்னும் சுத்துது... வந்துருச்சு. இங்குட்டு வந்து பாருங்க, அத்தனை பெட்டும் வந்துருச்சு."

ஒரு பெட்டைத் தொட்டு உள்ளே போனார், அங்கேயே பக்கத்தைப் புதுப்பித்தார். "பக்கம் இல்லை" என்று வந்தது. கார்த்தி முகம் மறுபடி வாடியது. எனக்கு வாடவில்லை. இதை நேற்றே படித்திருந்தேன். உள்பக்கம் எதைக் கேட்டாலும் முதல் பக்கத்தைக் கொடு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று சர்வருக்கு ஒரு வரி எழுத வேண்டும். எழுதினேன். சரியானது.

டாக்டர் போகிற போக்கில், "நாளைக்குத் தொறந்துரலாம்" என்றார்.

திரும்பி வந்து கார்த்தி வண்டியை ஆபீஸ் வாசலில் நிறுத்தினான். இறங்கும்போது சொன்னான், "மதுரைக்காரர வர வேணாம்னு சொல்லிட்டேங்க்கா."

வீட்டுக்கு வந்து தலை துவட்டாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறது.

நவ. 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. பக்கம் திறந்தாச்சு.

செல்வி சிஸ்டர் ஒவ்வொருவர் போனிலும் போட்டுக் கொடுத்தார். போன் இல்லாதவர்களுக்கு அவரே பதிகிறார். ஒருவர் கேட்டார்: "சன்னலோரப் பெட்டை எனக்கே எழுதிப் போட்டுருங்களேன். ஏசி நேரா அடிக்குது மத்ததுல." சிஸ்டர் சொன்னார்: "முந்திப் பதிஞ்சீகன்னா ஒங்களுக்குத்தேன்."

"ஷிப்ட்" என்று இருந்ததைக் "காலை / மதியம் / மாலை" என்று மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். சில போன்களில் பழைய பக்கமே வந்தது. முதல் பக்கத்தைப் போன் சேமித்துவைக்காதபடி சர்வரில் சொல்லிவைத்தேன். சரி.

நஸ்ரினுக்கு நோட்டு வாங்கியாச்சு.

நவ. 8, சனி

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டார். முகவரி அனுப்பியிருந்தேன். அங்கே திறந்து பார்த்தாராம்.

"ரூமுல எல்லாருக்கும் காட்டிட்டேன் ஷமீமா. எம் பொஞ்சாதி போட்டதுன்னு."

"பாத்து, யாரும் பெட்ட புக் பண்ணிறப்போறாக."

சிரித்தார்.

ஆபீசில் கார்த்தி சர்வர் பாஸ்வேர்டைக் கொடுத்தான். "பழச மாத்திட்டேங்க்கா. இனிமே ஒங்ககிட்டயும் எங்கிட்டயும் மட்டுந்தேன். ஏத்துறதெல்லாம் நீங்களே பாத்துக்கங்க."

சரி தம்பி என்று சாதாரணமாகச் சொன்னேன். மாடிப்படி இறங்கும்போது சாதாரணமாக இல்லை.

நவ. 10, திங்கள்

மறுபடி தூறல். பஸ்ஸில் இடம் கிடைத்தது.

பக்கத்தில் ஒரு பெண், மடியில் காய்கறிப் பை, கையில் கண்ணாடி கீறிய போன். திரையில் இளம்பச்சை. எங்கள் பச்சை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குறீக?" என்றேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு பெட் போடுறேன், டயாலிசிஸுக்கு. முன்னெல்லாம் இருட்டோட கெளம்பி ஓடணும். இப்ப இதுல போட்டுட்டு நேரத்துக்குப் போனாப் போதும்."

அந்நியர்களிடம் பேசுகிற ஆள் இல்லை நான். ஆனாலும் சொன்னேன். "இதச் செஞ்சது நாந்தேன்."

தலையிலிருந்து செருப்பு வரை பார்த்தார். "நீங்களா?"

"நாந்தேன்."

"அப்ப நல்லதாப் போச்சு. இந்த 'உறுதி' பட்டனக் கொஞ்சம் பெருசாப் போட்டு விடுங்க. அவுகளே அமுக்கணுங்கிறாக. வெரல் நடுங்குதா, பக்கத்துல இருக்குற 'ரத்து'ல போயி விழுந்துருது. ரெண்டு தடவ கோவப்பட்டு போனைத் தூக்கிப் போட்டாக."

போனை வாங்கிப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு பட்டனும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. என் விரலுக்கும் என் திரைக்கும் அளவு பார்த்து வைத்தது.

"இன்னைக்கே மாத்துறேன்" என்றேன். "மாத்துங்க" என்றார்.

ஆபீஸ் போய் டீ கூடக் குடிக்கவில்லை. "உறுதி" பட்டனைத் திரை அகலத்துக்கு நீட்டினேன். "ரத்து" கீழே, தள்ளி, சின்னதாக. அதை அமுக்கினால் "நிஜமாகவா?" என்று ஒரு கேள்வி. பில்ட். பச்சை. ஏற்றினேன். இடதுகைக் கட்டைவிரலால், பார்க்காமலே அமுக்கிப் பார்த்தேன். சரியாக "உறுதி"யில் விழுந்தது.

கார்த்தி எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே. யாருக்கா சொன்னாக?" என்றான்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன்.