இரண்டாம் முறை மண்டியிடவில்லை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நலம். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என் முழங்கால் வலி.
2. ஞாயிறு மாலை கடற்கரையில் நடந்தது.
3. உங்கள் நண்பர் என்னைக் கேட்கச் சொல்லும் மன்னிப்பு.

முழங்கால் சில மாதங்களாகவே சரியில்லை. மடக்கினால் குத்துகிறது. விடுதி முதலாளியான உங்கள் நண்பரிடம் நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது. முதல் வெள்ளைக்காரக் கப்பல் இந்த ஊரில் கரையேறியதை விடுதி விருந்தினர்களுக்காக நாங்கள் நடித்துக் காட்டுவது உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லித்தான் ஊர்த்தலைவர் வேடம் எனக்குக் கிடைத்தது. கேப்டனாக வருபவர் விடுதியின் நீச்சல் பயிற்சியாளர். நான் அவர் முன் மண்டியிட்டு, இந்தக் கரையின் மணலை ஒரு தட்டில் நீட்ட வேண்டும். தலைவர் உண்மையில் மண்டியிட்டதாக நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் படித்தது கொஞ்சம்தான். கைதட்டலுக்காக உங்கள் நண்பர் சேர்த்தது அது.

ஞாயிறன்றும் மண்டியிட்டேன். எழுந்த பிறகு ஒலிபெருக்கியில் உங்கள் நண்பர், "பெரியவரே, இன்னொரு தடவை விழுங்க, இவங்க போட்டோ எடுக்கல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முதல் தடவை விழுந்தது தலைவர். இரண்டாவது தடவை கூப்பிட்டது என்னை. நான் நின்றேன்.

"சார், சட்டுனு விழுந்துடுங்க, விக்குக்குள்ள வேர்த்துக் கொட்டுது" என்று கேப்டன் கெஞ்சினார். நான் அசையவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது விழுந்தாக வேண்டுமே என்று தானே மண்டியிட்டுவிட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது.

மூன்றாவது. சனிக்கிழமை எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டு மறுபடி மண்டியிட வேண்டுமாம். இல்லையென்றால் வேலையும் போய்விடும், விடுதிக்குப் பின்னால் தந்திருக்கும் அறையையும் காலி செய்ய வேண்டுமாம். உங்கள் அத்தை பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். "நின்னது நின்னுட்டீங்க, இனிமே அந்தாளு நாற்காலி போட்டாக்கூட உக்காராதீங்க" என்கிறாள். எங்கே போவோம் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் நட்புக்கு என்னால் வந்த சங்கடத்திற்கு மட்டும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்களும் என் மகளும் யாருக்கும் தலைகுனியாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் பேனா மூடி கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. மண்டியிட்டுத் துழாவி எடுத்தேன். உங்கள் அத்தை, "இப்ப மட்டும் வலிக்கலையாக்கும்?" என்றாள்.

ஆகவே முதலாவதாக எழுதியது தவறு. முழங்காலுக்கு ஒன்றுமில்லை. தயவுசெய்து உங்கள் நண்பரிடம், மாமாவுக்குக் கால் வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்