மூடிக்கிடந்த ஓர்கன்

இன்று மூன்று மணிக்கு ஆள் வருவதாக இருந்தது. மகள் உங்கள் ஓர்கன் வாத்தியத்தை இணையத்தில் போட்டுவிட்டாள்: "பழைய மிதி ஓர்கன், இலவசம்." நேற்றுத்தான் உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்தது. கொடுக்குமுன் தூசி துடைக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பத்திரிகை விளம்பரம் கண்ணில் பட்டது.

நூறு வருடத்துக்கு முந்தைய நோர்வே விளம்பரம். இரும்பு அடுப்பு, கோப்பி அரைக்கும் ஆலை, சவர்க்காரம், நடுவில் ஓர்கன். மனைவி வாசிக்கிறாள்; கணவன் பின்னால் நின்று கேட்கிறான். இங்கே நோர்வேயில், ஹவுகெட்டோவில் பழைய சாமான் விற்ற இடத்தில் அந்தப் படத்தில் மயங்கித்தானே இதை வாங்கினீர்கள்! "அடுப்பு மாதிரி இதுவும் வீட்டுக்கு வேணுமெண்டு போட்டிருக்கிறாங்கள். நீர் இருந்து வாசியுமன், நான் பின்னாலை நிக்கிறன்" என்பீர்கள். "எனக்கு அடுப்பே போதும்" என்பேன். கடைசியில் நீங்களே வாசித்தீர்கள், பக்கத்து வீட்டு நாய்க்கும் பாடமாகும்வரை, பிழை பிழையாக.

பிறகு யாழ்ப்பாணத்தில் என் அம்மா இறந்தார். முழங்கால் சத்திரசிகிச்சை செய்து கிடந்த என்னால் முகம் பார்க்கவும் போக முடியவில்லை. அந்தக் கோபத்தை உங்கள் தலையில் போட்டேன். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு, வீட்டில் பாட்டுச் சத்தமே கூடாது என்று மூடியைச் சாத்தினேன்.

பத்தாம் நாள் கேட்டீர்கள், "ஒருக்கா, மெல்லமா வாசிக்கட்டே?"

"அம்மா செத்திருக்க உங்களுக்குப் பாட்டுக் கேக்குதோ?"

"சரியப்பா" என்று எழும்பிப் போனீர்கள். இருபதாம் நாள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

உங்கள் கிரியைக்கு வந்த ஐயரிடம், இரண்டு துடக்கையும் எப்படிக் கழிப்பது என்று கேட்டேன். "கலியாணம் கட்டின பெம்பிளைக்குத் தாயின்ரை துடக்கு மூண்டு நாளெல்லோ, அம்மா. அது எப்பவோ கழிஞ்சுது" என்றார். தலையாட்டினேன். மகளிடம்கூட வாய் திறக்கவில்லை.

இன்று கதவு மணி அடித்தது. மகள் திறக்கப் போனாள். முழங்கால் நோக நோக மிதித்து, ஒரு கட்டையை அழுத்தினேன். வீடே அதிர்ந்தது.

மகள் ஓடிவந்தாள். "என்னம்மா செய்யிறீங்கள்? ஆள் வந்து நிக்கிறார்."

"போகச் சொல்லு பிள்ளை. அப்பான்ரை ஓர்கன் எங்கையும் போகாது."

அவரை அனுப்பிவிட்டு வந்தவளிடம், மூன்று நாளை முப்பத்தொரு நாளாக்கியவள் நான்தான் என்று சொன்னேன். அவள் எனக்குப் பின்னால், நீங்கள் நிற்கிறேன் என்ற இடத்தில் வந்து நின்றாள்.

எனக்கு அந்த ஒரு கட்டைதான் தெரியும். அதையே அழுத்திக்கொண்டிருந்தேன்.