புள்ளியா, கொக்கியா

மச்சான், இன்று காலை உன் வீட்டு வெளிவிளக்கை அணைக்கப் போனேன். நீ தினமும் செய்த அந்த வேலை, பக்கத்து வீட்டுக்காரன் என்று இப்போது என்னுடையது. கொய்யா மரத்தை ஒட்டிய சுவரில் அந்த அந்துப்பூச்சி, காய்ந்த இலை நிறத்தில், இறகை மூடி உட்கார்ந்திருந்தது.

மறைமலைநகர் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பாகங்களைச் சோதித்தவர்கள் நாம். "ஒரே மாதிரி தெரியுற பீஸ்லதான் ரிஜெக்ட் ஒளிஞ்சிக்கினு கீது" என்பாய். தோட்டத்துப் பூச்சிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாய். கொய்யாவைத் துளைக்கும் இந்தப் பூச்சியில் இரண்டு வகை. மூடியிருந்தால் எனக்கு இரண்டும் ஒன்றுதான். ஈர்க்குச்சியால் மேல் இறகை மெல்ல விலக்கினால் உள்ளே மஞ்சள் இறகு. அதில் கறுப்பாகக் கொக்கி இருந்தால் ஒன்று, வட்டப் புள்ளி இருந்தால் மற்றது. கொக்கியைப் பலமுறை பார்த்துவிட்டாய். புள்ளி மட்டும், பார்த்த பூச்சிகளை நீ எழுதிவைக்கும் நோட்டில் ஏறவேயில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நீ கிடந்த கடைசி வாரம், உன் சுவரில் ஒன்று உட்கார்ந்திருப்பதாகப் போனில் உளறிவிட்டேன். "றெக்கையத் தூக்கிப் பார்றா. புள்ளியா, கொக்கியா?" என்றாய். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடிக்கொண்டே, "புள்ளிதான் மச்சான்" என்றேன். நான் பார்க்கவேயில்லை. அதன்பிறகு மூன்று நாள் இருந்தாய். தினமும் பேசினோம். உண்மையைச் சொல்லவில்லை.

உன் மகள் அந்த நோட்டுப் பட்டியலைத் தட்டச்சு செய்து, படூரில் தான் படிக்கும் கல்லூரியில் கொடுக்கப்போகிறாளாம். போன வாரம் சொன்னாள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என் பொய் உன் பெயரில் போய்விடுமே என்று பயம். இன்று அந்த இறகை விலக்கினேன். கொக்கி. அன்றைக்கு வந்ததும் இந்த வகையாகத்தான் இருந்திருக்கும் என்று இன்னும் பயந்துபோனேன்.

பால் பாக்கெட் எடுக்க உன் மனைவி வெளியே வந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அவருக்குத் தெரியும்ணா" என்றாள். "போன வச்சதுமே சிரிச்சாரு. பஸ்ஸுக்கு ஓடிக்கினு கீறான், எங்க பாத்திருப்பான்னாரு. நோட்ல எழுதவேயில்ல."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மூன்று நாளும் போனை வைக்கும் முன், "வேற இன்னாடா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாய். ஒன்றுமில்லை என்றேன், மூன்று முறையும். நீ எதற்குக் காத்திருந்தாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது, மச்சான். இனி யாரிடம் சொல்வேன்?