அழக் கூடாத நாட்கள்

ஜூன் 6

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது காதுக்குப் பின்னால் திறந்து, மண்டையோட்டின் அடியிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று. அந்தக் காது போனது போனதுதான். ஓட்டையை அடைக்க என் வயிற்றுக் கொழுப்பையே எடுத்து வைத்திருக்கிறார்களாம். "கொழுப்பு ஜாஸ்தின்னு நான் எப்பவோ சொன்னேன்" என்கிறார் வீட்டுக்காரர்.

மூக்கைச் சிந்தாதே, குனியாதே, முக்காதே. தும்மினாலும் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது.

ஜூன் 9

அக்கா போய்விட்டாள். மாரடைப்பு.

ஜூன் 10

அக்கா வீட்டில் எல்லாரும் வாய்விட்டு அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். விம்மினால் உள்ளே போட்ட அடைப்பு விட்டுவிடுமோ என்று பயம். "கல்நெஞ்சுக்காரி" — யாரோ சொன்னது நல்ல காதில் விழுந்தது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய், குனிந்து, அக்கா நெற்றியைத் தொட்டேன். சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"இப்பதான் அழுறா பாரு."

நான் அழவில்லை. கண் காய்ந்துதான் இருந்தது. வலது மூக்கில் மட்டும் தண்ணீர், சளி இல்லை, வெறும் தண்ணீர். தொண்டையில் உப்புக் கரித்தது.

மூளையைச் சுற்றியிருக்கும் நீர் அது; அடைப்பு விட்டு, காதின் உள்வழியாக மூக்குக்கு இறங்குகிறது. அது வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும், மூளைக்காய்ச்சல் வரும், உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அக்காவை இன்னும் எடுக்கவில்லையே. அவளை இப்படிக் கிடக்க விட்டுட்டு எப்படி எழுந்து போறது?

நான் அழக் கூடாது, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போறதுன்னா போ" என்றார்.

போனேன்.

ஜூன் 11

ஆஸ்பத்திரி. முதுகில் மெல்லிய குழாய் வைத்து நீரை வடிக்கிறார்கள், உள்ளே ஓட்டை தானாக ஆறட்டும் என்று. "நேத்தே வந்தது நல்லதாப் போச்சும்மா" என்றார் டாக்டர். அக்காவை நேற்று மாலையே எடுத்துவிட்டார்களாம். தலையணையில் முகம் புதைத்து அழக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பாவி நான்.

ஜூன் 15

சொட்டவில்லை. காய்ச்சலும் இல்லை. அத்தான் வரவில்லை.

ஜூலை 28

ஸ்கேன் பார்த்தார் டாக்டர். ஓட்டை நன்றாக மூடிவிட்டது. இனிப் பயமில்லை என்றார்.

அங்கிருந்து நேராக அத்தான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வழிவிடாமல் நின்றார். இளைத்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"தலை எப்படியிருக்கு?"

"ஆறிடுச்சு அத்தான்."



"நீ இப்ப அழலாமா?"

"அழலாம். டாக்டர் சொல்லிட்டார்."

"அப்ப உள்ள வா" என்றவர், எனக்கு முன்னால் அழ ஆரம்பித்தார்.