இப்பவும் அப்படித்தான், மிஸ்

இன்று இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு டீ பேப்பர் கப்பில் வந்தது. கிளாஸெல்லாம் உடைந்துவிட்டதாம். நான் தொடவில்லை. நீ போய் ஒரு வருஷமாகியும், பேப்பர் கப்பைத் தொடமாட்டேன் என்ற உன் பிடிவாதம் என்னை விடமாட்டேன் என்கிறது, பாவி.

அப்போது பத்தாம் வகுப்பு வரலாறு உன்னுடையது, ஒன்பதாம் வகுப்பு என்னுடையது. தீண்டாமை எதிர்ப்புப் போராட்டங்களை நாங்களெல்லாம் ஒரு பரீட்சைக் கேள்வியாக எழுதிப்போட்டு முடித்துவிடுவோம். உனக்கு அது போதாது. "வீட்ல பெரியவங்களக் கேளுங்க. அந்தக் காலத்துல ஊர்ல யாருக்கு என்னென்ன தடை இருந்துச்சுனு தெரிஞ்சிட்டு வாங்க" என்று அனுப்புவாய். கிணறு, செருப்பு, கோயில் தெரு என்று பிள்ளைகள் வந்து சொல்வார்கள். எல்லாம் முடிந்துபோன கதைகளாகத்தான் இருக்கும்.

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அந்தக் காலம்லாம் இல்ல. இப்பவும் அப்படித்தான், மிஸ். எங்க ஊரு டீக்கடையில அவங்களுக்கு கிளாஸு, எங்களுக்கு பேப்பர் கப்பு." அந்த 'அவங்க' வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாளே அந்தப் பிள்ளைகள் வீட்டு ஆட்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு, "புக்ல இருக்கறத மட்டும் நடத்துங்க மேடம்" என்றார்.

"புக்லதான் சார் இருக்கு" என்றாய்.

எனக்கு எவ்வளவு பெருமை! அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பாவை மல்லாட்டைச் செடி பிடுங்கும் கூலி வேலைக்குக்கூட ஊரில் யாரும் கூப்பிடவில்லை. அவர் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். நாம் இருவரும் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனோமே, நம்மை உட்காரச் சொல்லக்கூட அந்த மனுஷனுக்குப் பயம். "உங்க பாடம் நல்ல பாடம்தாங்க டீச்சர். நீங்க டவுனுக்குத் திரும்பிடுவீங்க. நாங்க இங்கதானங்க இருக்கணும்?"

அப்புறம் உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் வலியைச் சொல்லாமல், "அவ பரீட்சை எழுதணும்டி. யாராச்சும் போய் கூட்டிட்டு வாங்கடி" என்றே கேட்டுக்கொண்டிருந்தாய். போனோம், அவள் வரவில்லை. அது தெரிந்துதான் நீ கண்ணை மூடினாய். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

இப்போது பத்தாம் வகுப்பு என் தலையில். இன்று மதியம் அதே பாடம். வீட்டில் கேட்டுவரச் சொல்ல எனக்குத் துணிச்சலில்லை. புத்தகத்தை மட்டும் வாசித்தேன். ஆனாலும் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "மிஸ், எங்க ஊர்லயும்..." என்று ஆரம்பித்தாள். அவசரமாகப் பக்கத்தில் போய், தணிந்த குரலில் கேட்டேன்: "வேணாம்மா. உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"அப்பாதான் சொல்லச் சொன்னாரு, மிஸ்."

நான் விலகி வகுப்பைப் பார்த்துத் திரும்பினேன். "எல்லாரும் கேளுங்க" என்றேன். அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

நாளை யார் வந்து நிற்பார்களோ தெரியாது. வந்தால், அவளுக்கு முன்னால் நான் நிற்க வேண்டும். நீ எனக்கு விட்டுப்போன வேலை அது. பயமாக இருக்கிறதுடி.